மாவு ஒன்று, சேர்மானம் இரண்டு

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லிக்கும் நம் வீட்டு இட்லிக்கும் மாவு ஒன்றுதான்: அரிசி, உளுந்து. அதில் மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி அவித்தால் ஆளே மாறிவிடுகிறது. புதிதாகச் சாப்பிடுகிறவர் இது வேறு பண்டம் என்று சத்தியமே செய்வார். இந்தியும் உருதும் பிரிந்த கதை இதுதான்.

முதலில் மாவு. தில்லி, மீரட் வட்டாரத்துப் பேச்சான கடிபோலி, சௌரசேனிப் பிராகிருதம், அபப்பிரம்சம் என்று நூற்றாண்டுக் கணக்கில் புளித்து வந்தது. வினைச்சொற்கள், வேற்றுமை உருபுகள், எண்கள் எல்லாம் இந்த மாவில் அடக்கம். ஆனால் அப்போது அதற்குப் பெரிய மதிப்பில்லை. சூர்தாசர் பாடியது பிரஜ் மொழியில், துளசிதாசர் எழுதியது அவதியில். இருவரையும் இன்று பாடப்புத்தகம் இந்திக் கவிஞர்கள் என்கிறது. அவர்கள் அரைத்த மாவே வேறு.

தில்லி மாவு தெற்கே வந்ததும் பழைய கதைதான். 1327-ல் முகமது பின் துக்ளக் தலைநகரைத் தௌலதாபாத்துக்கு மாற்றியபோது கூடவே வந்த பேச்சு, தக்காணத்தில் ஊறி தக்கனி ஆயிற்று. பீஜப்பூரிலும் கோல்கொண்டாவிலும் அதில் காவியங்கள் எழுதினார்கள். வேலூர், ஆம்பூர் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் இன்று கேட்கும் பேச்சு அதன் வழிவந்ததுதான்.

அடுத்தது சேர்மானம். பாரசீக, அரபுச் சொற்களைத் தாராளமாகப் போட்டு, அந்த எழுத்திலேயே எழுதியது உருது. 1800-ல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. அங்கே கில்கிறிஸ்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் கீழ் வேலை பார்த்த லல்லுலால், ‘பிரேம்சாகர்’ என்ற நூலில் அதே மாவிலிருந்து பாரசீகச் சொற்களைப் பொறுக்கி எடுத்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் அந்த இடத்தைச் சமஸ்கிருதத்தால் நிரப்பினார்கள். புத்தகத்துக்கு ஒருவர் ‘கிதாப்’ என்பார், இன்னொருவர் ‘புஸ்தக்’ என்பார். ‘படிக்கிறேன்’ என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை. 1893-ல் காசியில் நாகரி பிரசாரிணி சபை பிறந்தது. 1900-ல் காசி இருந்த மாகாணத்தின் நீதிமன்றங்களில் நாகரி எழுத்துக்கும் அனுமதி கிடைத்தது. நாம் இன்று பார்க்கிற இந்தி, இப்படிப் பார்த்தால், காஞ்சிப் பட்டை விட மிகவும் இளையது.

எழுத்து மட்டும் பழையது. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பல்லவன் ராஜசிம்மனின் பட்டப்பெயர்களைக் கிரந்தத்தோடு நாகரியின் பழைய வடிவிலும் வெட்டியிருக்கிறார்கள். அது எட்டாம் நூற்றாண்டு. இந்தி என்று சொல்ல அப்போது எதுவும் இல்லை.

தெற்கே இந்தியைப் பரப்பும் வேலை இருபதாம் நூற்றாண்டில்தான் தொடங்கியது. 1918-ல் காந்தி சென்னையில் இந்திப் பிரசாரத்தைத் தொடங்கினார். மகன் தேவதாஸ்தான் முதல் ஆசிரியர். பிராத்மிக், மத்தியமா, ராஷ்ட்ரபாஷா என்று தேர்வெழுதிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். விரும்பிப் படித்ததற்குப் பெரிய எதிர்ப்பு இல்லை. 1938-ல் ராஜாஜி பள்ளியில் கட்டாயமாக்கியபோதுதான் வெடித்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் காஞ்சிபுரத்திலேயே இந்தி எதிர்ப்பு மாநாடு கூடியது. 1940-ல் ஆணை திரும்பப் பெறப்பட்டது. 1965-ல் மறுபடி போராட்டம். பிறகு காஞ்சிபுரத்துக்காரர் அண்ணா முதல்வராகி, 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கையைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்.

இந்தியைப் பரப்பப் பிரசாரமும் அரசும் செய்ததைவிட சினிமாவும் பிழைப்பும் செய்தது அதிகம் என்பது என் எண்ணம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வரும் பீகார்க்காரருக்கும் ஒடிசாக்காரருக்கும் வீட்டு மொழி போஜ்புரி, மைதிலி, ஒடியா என்று வேறு வேறு. ஒருவரோடு ஒருவர் பேச இந்தி. கடைக்காரரிடம் கொஞ்சம் தமிழ்.

கணக்கெடுப்பில் இந்த வேறுபாடு கரைந்துவிடுகிறது. 2011-ல் இந்தி பேசுவோர் 52.8 கோடி என்றார்கள். அதில் தாய்மொழி ‘இந்தி’ என்றே சொன்னவர்கள் சுமார் 32 கோடி. மீதி போஜ்புரி, ராஜஸ்தானி, சத்தீஸ்கரி போன்றவை. போஜ்புரி மட்டும் 5 கோடி. மைதிலிக்காரர்கள் விடாமல் கேட்டு, 2003-ல் அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் தனி இடம் வாங்கிக்கொண்டார்கள். போஜ்புரிக்காரர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.