காத்திருப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு



இரவெல்லாம் மழை பெய்து விடிந்த காலையைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். வாளியும் கத்தியுமாகப் பிரட்டுக் களத்தில் நின்று, மரம் காயட்டும் என்று எல்லாரும் காத்திருப்பார்கள். பட்டை ஈரமாக இருக்கையில் வெட்டினால் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். அதற்காகப் பொழுது ஏறும்வரை காத்திருக்கவும் முடியாது. வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே, அந்தக் காத்திருப்புக்கு ஓர் எல்லை இருந்தது.

இன்று நம் பிள்ளைகள் சிலர் செய்யும் பகுதிநேர வேலை ஒன்றுக்கும் இந்த அறிவு தேவைப்படுகிறது. அதை ‘மிஸ்டரி ஷாப்பர்’ வேலை என்கிறார்கள். சாதாரண வாடிக்கையாளரைப் போல ஒரு கடைக்குச் சென்று, ஊழியர்கள் எப்படிப் பேசினார்கள், எத்தனை நிமிடத்தில் கவனித்தார்கள் என்பதைப் பார்த்து, வேலை கொடுத்த நிறுவனத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ஒரு தடவை போய் வந்தால் இவ்வளவு என்பதே கூலி, மணிக்கணக்கு இல்லை. எனவே, காத்திருக்கும் நேரம் முழுவதும் நம் தலையிலேயே விழுகிறது.

நம்மிடம் படித்த பெண்ணொருத்தி 25 வெள்ளிக்காகப் பட்டணத்துக் கடையொன்றில் இரண்டு மணி நேரம் காத்திருந்தாள். கடைசிப் பேருந்து போய்விட்டது. வாடகைக் காருக்கு 30 வெள்ளி கொடுத்து வீடு வந்தாள். “இவ்வளவு நேரம் நின்றுவிட்டோமே, வெறுங்கையோடு எப்படிப் போவது என்று நின்றேன், சார்” என்றாள். தாயின் மருந்துக்கென்று போனவள், கைக்காசையும் இழந்து வந்தாள்.

அவளுடைய கணக்கையே போட்டுப் பார்ப்போம். கூலி 25 வெள்ளி. போகவர பஸ் கட்டணம் 6 வெள்ளி. மிச்சம் 19 வெள்ளி. பயணம் ஒரு மணி நேரம், கடையில் அரை மணி, அறிக்கை எழுத அரை மணி, ஆக இரண்டு மணி நேரம். மணிக்கு 9 வெள்ளி 50 காசு கிடைக்கிறது. கடையில் மேலும் ஒரு மணி நேரம் நின்றால், அது 6 வெள்ளி 33 காசாக இறங்கிவிடும்.

2025-இல் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. மணிக்கணக்கில் அது 8 வெள்ளி 72 காசு. ஒரு தடவைக்கு இவ்வளவு என்று சொந்தப் பொறுப்பில் எடுத்துச் செய்யும் வேலைக்கு அந்தச் சட்டம் துணைவராது. ஆனாலும் நமக்கு அது நல்ல அளவுகோல். அதன்படி பார்த்தால், அந்தப் பெண் கூடுதலாக 10 நிமிடம் வரை காத்திருக்கலாம். அதற்கு மேல் நட்டமே.

ஆகவே, வேலையை ஏற்குமுன் நிபந்தனைத் தாளை முழுமையாகப் படிக்க வேண்டும். யாரும் கவனிக்காவிட்டால் எத்தனை நிமிடம் நிற்க வேண்டும், அதன்பின் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறதா? இல்லையென்றால், “கவனிக்கப்படாமல் திரும்பினால் கூலி உண்டா?” என்று முன்னதாகவே கேட்டுவிட வேண்டும்.

கடைக்குள் நுழைந்ததும் நேரத்தையும், நமக்கு முன்னால் நிற்போரின் தொகையையும் குறித்துக்கொள்வோம். கடைக்காரர் காக்க வைத்தாரென்பதும் நிறுவனம் அறிய விரும்பும் செய்திதான். எல்லை நெருங்கியதும் சற்று வெளியே வந்து, வேலை கொடுத்தவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்போம். சொல்லாமல் புறப்பட்டால் கூலி கைவிட்டுப் போகலாம். எந்த நிலையிலும் நேரத்தைக் கூட்டியோ குறைத்தோ எழுதக் கூடாது.

ஒன்றை நினைவில் வைப்போம். நின்று கழித்த நேரம் திரும்பி வராது. அதை மீட்பதற்காக மேலும் நிற்பது அறிவுடைமை ஆகாது. இனி எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மட்டுமே பார்க்க வேண்டும். முன்னால் ஒருவர்தான் என்றால் நிற்கலாம். பத்துப் பேர் என்றால் புறப்படலாம்.

வீட்டில் பிள்ளைகள் இவ்வேலைக்குக் கிளம்பும்போது, பெற்றோர்களே, “எத்தனை மணிக்குத் திரும்புவாய்?” என்பதோடு, “எத்தனை நிமிடம் காத்திருப்பாய்?” என்றும் கேளுங்கள். அந்த விடையைத் தாளில் எழுதிக்கொண்டு அவர்கள் படியிறங்கட்டும்.