கூட்டாகப் போட்ட செக்கு... யாருக்கு எவ்வளவு பங்கு?

கீரனூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த கேள்வி இது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் தருகிறேன்.

‘நான், என் மச்சான், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நண்பர் மூன்று பேரும் சேர்ந்து 4 வருஷத்துக்கு முன்னால் மரச்செக்கு போட்டோம். மொத்தச் செலவு 10 லட்சம். நண்பர் 3 லட்சம் போட்டார், நான் 1 லட்சம். மீதி 6 லட்சம் என் பெயரில் வங்கிக் கடன். ஷெட்டும் கரன்ட் சர்வீஸும் மச்சானுடையது. காலையிலிருந்து ராத்திரி வரை செக்கடியில் நிற்பது நான். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று வாய்ப்பேச்சாகப் பேசி, அப்படித்தான் பிரித்து வந்தோம். இப்போது ஓட்டம் நன்றாக இருக்கிறது. கைப்பணத்தில் முக்கால்வாசி என்னுடையது, பாதிப் பங்கு வேண்டும் என்கிறார் நண்பர். இடத்தைக் காலி பண்ணு என்கிறார் மச்சான். எனக்குச் சம்பளம்கூடக் கிடையாது. நான் என்ன செய்வது?’

கடலையில் டிக்கா இலைப்புள்ளிக்கு என்ன மருந்து என்று கேட்டு வந்தவர்கள், இப்போது இந்த மாதிரிக் கேள்விகளையும் கொண்டு வருகிறார்கள். விளைந்ததை மூட்டையாக விற்காமல் எண்ணெயாக, மாவாக மாற்றி விற்கும் தொழில்கள் பெருகினால் இதுவும் கூடவே வரும். நகரத்தில் ஸ்டார்ட்அப் தொடங்கும் இளைஞர்களும் இதே சண்டையைத்தான் போடுகிறார்கள். அவர்களுக்குக் கம்ப்யூட்டர், நமக்குச் செக்கு. நம் பேச்சில் பங்கு உள்ளவனுக்குப் பெயர் பங்காளி. அந்தச் சொல்லோடு சண்டை என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டே வருவது சும்மா இல்லை.

எழுத்தில் இல்லாவிட்டால் சட்டம் சொல்வது

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். கூட்டுத் தொழிலுக்கு நம் நாட்டில் இருப்பது 1932-ம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். பங்குதாரர்களுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபமும் நட்டமும் எல்லோருக்கும் சமம் என்கிறது அதன் 13-வது பிரிவு. யார் எவ்வளவு பணம் போட்டார் என்று அது பார்ப்பதில்லை. ஆகவே நண்பர் கேட்கும் பாதிப் பங்குக்குச் சட்டத்தில் இடமில்லை. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: தொழிலைக் கவனித்துக்கொண்டதற்காகப் பங்குதாரர் சம்பளம் கேட்க முடியாது. அப்படிப் பேசி வைத்திருந்தால்தான் உண்டு. கடந்த 4 வருஷ உழைப்புக்குக் கூலி கேட்டு நீங்கள் வழக்குப் போட்டால் நிற்காது. இனி வரும் மாதங்களுக்குப் பேசி வாங்கலாம்.

கடனும் பதிவுகளும் உங்கள் பெயரில் இருப்பதால் ‘இது என் சொந்தத் தொழில்’ என்று யாராவது உங்களுக்கு யோசனை சொல்லலாம். அந்த வழிக்குப் போகாதீர்கள். பெயர்ப் பலகையைவிட உண்மையான நடப்பைத்தான் நீதிமன்றம் பார்க்கும். மாதாமாதம் மூன்றாகப் பிரித்து அனுப்பிய வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் பேச்சு, செக்கடி நோட்டு எல்லாமே கூட்டுக்குச் சாட்சி.

மச்சான் விஷயம் வேறு. காலக்கெடு எதுவும் பேசாமல் தொடங்கிய கூட்டை, எந்தப் பங்குதாரரும் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்துக் கலைத்துவிடலாம். ஷெட் அவர் சொத்து. அதைக் கூட்டுச் சொத்தாகச் சேர்த்ததாக எழுத்து இல்லை. உங்கள் மூவரில் பிடி அதிகம் அவரிடம்தான். நண்பரிடம் பேசுவதற்கு முன்னால் மச்சானிடம் வாடகைப் பேச்சை முடியுங்கள் என்பது என் யோசனை.

பிரித்துப் பார்த்தால் தெரியும்

சண்டையின் வேர் பங்கின் அளவில் இல்லை. பணம், இடம், உழைப்பு என்ற மூன்று வேறு வேறு சரக்கை ஒரே மூட்டையில் கட்டி ‘ஆளுக்கு மூன்றில் ஒன்று’ என்றதில் இருக்கிறது. மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொன்றுக்கும் உரியதை முதலில் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் பங்கு போட வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். கடலைக் கொள்முதல், மின்கட்டணம், ஆள்கூலி, கடன் தவணை எல்லாம் போக வருஷத்துக்கு 3,60,000 ரூபாய் மிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். இப்போதைய முறையில் ஆளுக்கு 1,20,000. நண்பர் போட்ட 3 லட்சத்துக்கு இது வருஷம் 40 சதவீதம்! அவர் இதைச் சொல்ல மாட்டார். நீங்கள் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள்.

இனி வேறு மாதிரி. செக்கை ஓட்டுபவருக்கு மாதம் 12,000 சம்பளம்; வருஷத்துக்கு 1,44,000. ஷெட் வாடகை மாதம் 4,000, வருஷத்துக்கு 48,000. போட்ட முதலுக்கு 9 சதவீத வட்டி என்றால் நண்பருக்கு 27,000, உங்களுக்கு 9,000. மிச்சம் 1,32,000. அதை மூன்றாக்கினால் ஆளுக்கு 44,000. மொத்தத்தில் உங்களுக்கு 1,97,000, மச்சானுக்கு 92,000, நண்பருக்கு 71,000.

நண்பர் இதை அப்படியே ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. செக்கு ஓடாமல் போயிருந்தால் அவர் பணம் போயிருக்கும். அந்தத் துணிச்சலுக்காக மிச்சத்தில் அவருக்கு 40 சதவீதம் என்றுகூடப் பேசலாம். ஆனால் பேச்சு அந்த 1,32,000-ஐப் பற்றி மட்டும் நடக்கட்டும். உங்கள் சம்பளத்தைத் தொட வேண்டாம்.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. வாரத்துக்கு நிலம் விடுவதில் நிலத்துக்கு எவ்வளவு, உழைப்புக்கு எவ்வளவு என்பது பெரிய தகராறாக இருந்துதான் 1956-ல் நியாய வாரச் சட்டம் வந்தது. பாசன நன்செய் விளைச்சலில் நில உரிமையாளருக்கு 40 சதவீதம் என்று வைத்து, பிற்பாடு அதை 25 சதவீதமாகக் குறைத்தார்கள். வாரத்துக்கு ஆடு விடுவதையும் நினைத்துப் பாருங்கள். மேய்ப்பவருக்கு முதல் நாளே பாதி மந்தையைக் கொடுப்பதில்லை. ஈற்றுக்கு ஈற்று குட்டியில்தான் அவர் பங்கு சேர்கிறது. நகரத்துக் கம்பெனிகளிலும் உழைப்பவரின் பங்கு வருஷத்துக்கு வருஷம் சேரும்படி எழுதுவது உண்டு. இடையில் விட்டுப் போகிறவர் அதுவரை சேர்ந்ததை மட்டும் எடுத்துப் போவார்.

கடனும் மானியமும்

நடுவண் அரசின் குறு உணவு பதப்படுத்தும் தொழில்களுக்கான திட்டத்தில் 35 சதவீதம், உச்சமாக 10 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. உங்கள் 10 லட்சத்துக்கு அது 3.5 லட்சம். அது யாருடையது என்று மூவரும் கேட்பீர்கள். என் கருத்து, அது செக்கின் பணம். அதைக் காட்டி நீங்கள் பங்கைக் கூட்டக் கூடாது; நண்பரும் கூடாது. ஆனால் தவணை தவறினால் வங்கி தேடி வருவது உங்கள் வீட்டைத்தான். அந்தக் கடனை மூவரும் சமமாகச் சுமப்பதாக எழுதி வாங்காமல் எந்தச் சமரசத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கூட்டுத் தொழிலின் கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் முழுப் பொறுப்பு. கூட்டிடம் இல்லாவிட்டால் யாரிடம் சொத்து இருக்கிறதோ அவரிடம் வசூலிப்பார்கள். அமெரிக்காவில் 1976 ஏப்ரல் 1-ல் ஆப்பிள் கம்பெனியை மூன்று பேர் தொடங்கினார்கள். ஸ்டீவ் ஜாப்ஸுக்கும் வோஸ்னியாக்குக்கும் 45 சதவீதம் வீதம், ரொனால்ட் வேய்னுக்கு 10. ஜாப்ஸ் கடனுக்குச் சாமான் எடுக்கத் தொடங்கியதும் வேய்ன் பயந்துபோனார். மூவரில் சொத்து வைத்திருந்தவர் அவர்தான். 12-வது நாளே விலகி, 800 டாலரும் பின்னால் 1,500 டாலரும் வாங்கிக்கொண்டார். அந்தப் பத்து சதவீதம் இன்று என்ன விலை என்று சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. சொத்து உள்ளவனுக்குக் கடன் பயம் இருக்கத்தான் செய்யும்.

ஒருவர் விலகினால்

நண்பர் வெளியேற விரும்பினால் செக்கின் இன்றைய விலை, கையிருப்புக் கடலை, எண்ணெய், வர வேண்டிய பாக்கி எல்லாவற்றையும் கூட்டி, கடனைக் கழித்து மதிப்புப் போடுங்கள். பேசிச் சேர்த்த வாடிக்கைக்கும் ஒரு விலை வையுங்கள். சில வீடுகளில் பாகப்பிரிவினையின்போது அண்ணன் பிரிப்பார், தம்பி முதலில் எடுப்பார். அதுபோல ஒருவர் விலை சொல்ல, அந்த விலைக்கு வாங்குவதா விற்பதா என்று மற்றவர் முடிவு செய்யும் முறையும் உண்டு. உங்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். சிங்கப்பூர்க்காரரிடம் ரொக்கம் இருக்கும், உங்களிடம் இருக்காது. குறைந்த விலை சொல்லியே செக்கை வாங்கிவிடலாம். தவணையில் கொடுப்பதாகப் பேசுங்கள். மூவரும் சேர்ந்து கலைத்துவிட்டால், வெளிக்கடன் போக மிஞ்சியதில் முதலில் போட்ட முதல் திரும்பும், பிறகுதான் பங்கு.

ஒத்துப்போனால் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். பதியாத கூட்டில், கலைத்துக் கணக்குக் கேட்பதைத் தவிர, ஒப்பந்த உரிமையை வைத்துப் பங்குதாரர் மேல் வழக்குப் போட முடியாது. ஒருவர் இறந்தால் தொழில் தொடருமா, மனைவி பிள்ளைகளுக்கு என்ன என்பதையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் சாவோடு கூட்டும் கலைந்துவிடும்.

பத்துப் பேருக்கு மேல் சேர்ந்தால் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நல்ல வழி. அங்கே எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். தகராறு வந்தால் சமரசம் அல்லது நடுவர் மூலம் தீர்க்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

பேச்சு முறிந்துபோனால் நேரே வழக்குக்குப் போகாமல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் அது தீர்ப்புக்குச் சமம்; மேல்முறையீடு கிடையாது. கூட்டு கலைந்துவிட்டது என்றால் கணக்குக் கேட்டு வழக்குப் போட 3 வருஷம்தான் அவகாசம். மச்சானோ நண்பரோ எழுத்தில் அறிவிப்பு அனுப்பினால் அது கைக்கு வந்த தேதியை நோட்டில் குறித்து, உறையையும் பத்திரப்படுத்துங்கள்.