சிறு செலவிற் பெரிய மாதிரிப் புகையிரதம்

மாதிரிப் புகையிரதம் என்றதும், கடையின் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் விலையுயர்ந்த பொருளே பலரின் மனக்கண்முன் தோன்றும். அதிலும், ஒரு முழ நீளமான எஞ்சினும் அதற்கேற்ற பெட்டிகளும் என்றால், அவை செல்வர் வீட்டுக்கே உரியவை என்று ஏனையோர் ஒதுங்கிவிடுவர். கடையில் வாங்குவோரைப் பொறுத்தவரையில் இவ்வெண்ணம் சரியே. தம் கையாலே செய்யத் துணிந்தவருக்கோ நிலைமை வேறு. மாதிரி பெரிதாகப் பெரிதாக, அதைச் செய்வதற்கு வேண்டிய கருவிகள் எளியனவாகின்றன. பொருள்களும் வீட்டிலேயே அகப்படுவனவாகின்றன. அஃது எவ்வாறு என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலில் அறியவேண்டியது அளவுத்திட்டம். 1891 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் லைப்சிக் நகரச் சந்தையில், மேர்க்லின் நிறுவனத்தார் விளையாட்டுப் புகையிரதப் பாதைகளின் அகலங்களை வரையறுத்து இலக்கமிட்டு வெளியிட்டனர். இன்று பெரிய மாதிரிகளுக்கு வழங்கும் அகலங்களுள் 45 மில்லிமீற்றரும் 32 மில்லிமீற்றரும் முக்கியமானவை. பிரித்தானியாவிற் பலர் பின்பற்றும் முறையொன்றில், உண்மை வண்டியின் ஓரடி மாதிரியில் 16 மில்லிமீற்றராகும். அதாவது, மாதிரி உண்மையின் பத்தொன்பதில் ஒரு பங்கு. அம்முறைப்படி 32 மில்லிமீற்றர்ப் பாதை, இரண்டடி அகலமுள்ள உண்மைப் பாதையைக் குறிக்கும். 1881 இல் திறக்கப்பட்ட டார்ஜிலிங் மலைப்பாதை அத்தகையது. இலங்கையின் களனிப் பள்ளத்தாக்குப் பாதை, 1990 களில் அகலப் பாதையாக மாற்றப்படும்வரை, இரண்டரை அடி அகலமுடையதாயிருந்தது. அதனை இவ்வளவுத்திட்டத்திற் செய்ய விரும்புபவர் 40 மில்லிமீற்றர்ப் பாதை அமைத்தல் வேண்டும். இது மேற்சொன்ன இரு அகலங்களுக்கும் இடைப்பட்டது. கடைச்சரக்குக்குள் அடங்காத இத்தகைய பாதையையும் கைவேலைக்காரர் தயங்காது மேற்கொள்ளலாம்.

பெரிய மாதிரி ஏன் எளியது? மேசைமேல் ஓடும் சிறிய மாதிரிகளில் ஓரடி நான்கு மில்லிமீற்றராகச் சுருங்குகின்றது. அங்கே யன்னலொன்றை வெட்டுகையில் கத்தி அரை மில்லிமீற்றர் விலகினால், உண்மை வண்டியில் அஃது ஒன்றரை அங்குலப் பிழைக்குச் சமம். கண்ணுக்கு உடனே தெரியும். பதினாறு மில்லிமீற்றர் அளவிலோ அதே விலகல் முக்கால் அங்குலத்தின் பாதிக்குச் சமம். அதனை ஒருவரும் கவனியார். ஆகவே, நுண்ணிய கடைசல் இயந்திரம் இல்லாதவரும், ஒரு கூரிய கத்தி, உருக்கு அடிமட்டம், சிறு வாள், அரம், கைத்துளைகருவி ஆகியவற்றைக்கொண்டு செம்மையாகச் செய்துவிடலாம். ஆனால் இங்கு இன்னொரு கணக்கும் உண்டு. நீளம் நான்கு மடங்கானால், மேற்பரப்புப் பதினாறு மடங்காகும். அத்தனை பரப்புக்கும் விலையுயர்ந்த தகடு வாங்கப் புகுந்தால் சிக்கனம் அங்கேயே முடிந்துவிடும். எனவே பொருள்களைத் தேர்ந்தெடுப்பதிலேயே கைவேலைக்காரரின் திறமை இருக்கின்றது.

சிறு துரும்பும் பல்குத்த உதவும் என்பது இவ்விடத்திற் பொருந்தும். ஐஸ்கிறீம் குச்சியின் அகலம் ஏறக்குறையப் பத்து மில்லிமீற்றர். இந்த அளவில் அஃது ஏழரை அங்குலப் பலகையாகும்; சரக்குவண்டியின் பக்கங்களுக்கு இதனினும் ஏற்றது வேறில்லை. மூன்றடி விட்டமுள்ள கொதிகலன் மாதிரியில் 48 மில்லிமீற்றராகச் சுருங்கும். அதற்கு அண்ணளவான பிளாஸ்ரிக் நீர்க்குழாய்த் துண்டு எங்கும் கிடைக்கும். பிசுக்கோத்துப் பெட்டியின் தகரம் எஞ்சின் கூண்டுக்கு உதவும். அத்தகரத்தின் பின்புறத்தில் மழுங்கிய ஆணியை வைத்து மெல்ல அழுத்தினால், முன்புறத்தில் தறையாணித் தலைகள் வரிசையாகப் புடைத்தெழும். செப்புக்கம்பி கைப்பிடியாகும், குண்டூசித் தலை கதவுக் குமிழாகும். பெட்டிகளின் சுவருக்குத் தடித்த மட்டையை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டி, விளிம்புகளிலும் இருபுறத்திலும் வார்ணிஷ் ஊறவிட்டால், அஃது ஒட்டுப்பலகைபோல் இறுகும். வெளியில் ஓடும் வண்டிக்கு நீர்புகாத பசையும் நல்ல வர்ணமும் இன்றியமையாதன.

இவற்றை வெட்டுமுன், வண்டியின் பக்கத்தோற்றத்தையும் முன்தோற்றத்தையும் மாதிரியின் முழு அளவிலேயே தாளில் வரைந்துகொள்ள வேண்டும். அளவுப்படம் கிடைக்காவிடின், பக்கவாட்டில் நேராக எடுத்த புகைப்படமொன்று போதும். அதிலே சில்லின் விட்டமோ கதவின் உயரமோ தெரிந்திருந்தால், ஏனைய அளவுகளை விகிதக் கணக்காற் பெறலாம். பாடசாலையிற் கற்ற விகிதசமம் இங்கே கைக்கு வந்து உதவுகின்றது. தாளில் நேரும் தவறுக்குச் செலவில்லை. தகரத்தில் நேர்ந்தால் பொருளும் போகும், பொழுதும் போகும்.

சிக்கனம் பார்க்கக்கூடாத இடங்களும் உண்டு. அவை சில்லும் மோட்டாருமாகும். சில்லு வட்டம் பிசகினாலும், அச்சு வளைந்தாலும், எத்துணை அழகிய வண்டியும் தடம்புரளும். எனவே உலோகச் சில்லுகளை விலைகொடுத்து வாங்குதலே நன்று. மோட்டார் பற்சில்லுகளோடு சேர்ந்து மெதுவாகச் சுழல்வதாயிருத்தல் வேண்டும். 32 மில்லிமீற்றர் விட்டமுள்ள சில்லு நிமிடத்துக்கு 120 முறை சுழன்றால், வண்டி நிமிடத்துக்குப் பன்னிரண்டு மீற்றர் ஓடும். உண்மை வண்டியில் இது மணிக்கு ஏறக்குறையப் பதினான்கு கிலோமீற்றர். மலைப்பாதை எஞ்சினுக்கு ஏற்ற நடை. மீளமின்னேற்றும் பற்றரியைக் கொதிகலனுள்ளோ அடுத்த வண்டியிலோ மறைத்துவிட்டால், தண்டவாளத்தில் மின்சாரம் பாய்ச்ச வேண்டியதில்லை. பாதையின் செலவு அதனாற் பெரிதும் குறையும்.

பாதையையும் தாமே அமைக்கலாம். நாலரை அடிச் சிலிப்பர்க் கட்டை மாதிரியில் 72 மில்லிமீற்றர். பழைய பலகையைக் கீறிப் பல நூறு கட்டைகள் எடுக்கலாம். தண்டவாளக் கம்பியை மட்டும் வாங்கி, சிற்றாணிகளாற் பொருத்த வேண்டும். 32 மில்லிமீற்றர் அகலத்திற்குத் திருத்தமாகச் சீவிய கட்டையொன்றை இரு தண்டவாளங்களுக்கும் இடையே வைத்து நகர்த்திச் சென்றால் இடைவெளி மாறாது. வளைவுகளில் மட்டும் இடைவெளி இம்மியளவு கூடியிருப்பது நன்று. சிறிய நான்குசில்லு வண்டிகளுக்கு இரண்டரை அடி ஆரமுள்ள வளைவு போதும்.

இத்தனை பாடும் எதற்கு என்று ஒருவர் வினவலாம். இங்கிலாந்தின் டெவன் பகுதியில், லின்ரன் – பாண்ஸ்ரபிள் பாதை என ஒன்று 1898 இல் திறக்கப்பட்டது. இரண்டடிக்கு அரை அங்குலம் குறைந்த அகலம். ஏறத்தாழப் பத்தொன்பது மைல் நீளம். 1935 செப்ரெம்பரில் அது மூடப்பட்டது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. ஐந்து எஞ்சின்களுள் நான்கு உடைக்கப்பட்டன. எஞ்சிய 'லூ' என்பது 1936 இற் பிரேசிலுக்குக் கப்பலேறியது. ஆயினும் புகைப்படங்களையும் வரைபடங்களையும் துணைக்கொண்டு மாதிரி செய்வோர் அவ்வெஞ்சின்களை மீண்டும் மீண்டும் உருவாக்கினர். 2004 இல் அப்பாதையின் ஒரு சிறு பகுதி, வூடி பே நிலையத்தில் மறுபடியும் திறக்கப்பட்டது. மறைந்த பாதை மனிதர் நினைவில் நிலைத்திருந்தமைக்கு, அதனைக் கையால் அளந்து செய்தவர்களும் ஒரு காரணமாவர். கடையில் வாங்கிய வண்டியை ஓட்டிப் பார்ப்பவர் அதன் அழகை அறிவார். செய்தவரோ, பொறியியலாளர் வளைவை ஏன் அங்கே வைத்தார், தச்சர் அந்தப் பலகையை ஏன் அப்படிப் பொருத்தினார் என்பதையும் அறிவார்.

தொடங்க விரும்புவோர் எஞ்சினிற் கைவையாது, நான்கு சில்லுள்ள திறந்த சரக்குவண்டி ஒன்றை முதலிற் செய்து பார்ப்பாராக. சில குச்சிகள், சிறிது பசை, இரண்டு சோடிச் சில்லுகள், ஒரு வார இறுதி ஆகியவையே அதற்கு வேண்டியவை. அவ்வண்டி ஒரு சாய்ந்த பலகைமேல் தானாகவே உருண்டு நேரே ஓடுமாயின், அடுத்த வண்டிக்கு வேண்டிய துணிவு கைக்கு வந்துவிடும்.