போர்க்களம் காட்டாத போர்ப்படங்கள்

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

போர்ப்படம் என்றதும் மாணவ நண்பர்களின் நினைவுக்கு வருவன டாங்கிகளும், விமானங்களும், கொடி ஏந்தி ஓடும் வீரர்களுமே. கதாநாயகன் ஒருவன் இருப்பான். பகைவர் நூறு பேர் இருப்பர். இடைவேளைக்குப் பின் அந்த நூறு பேரும் இருக்கமாட்டார்கள். இத்தகைய படங்களைக் குறைகூற நான் வரவில்லை; நானும் விசில் அடித்துப் பார்த்தவன்தான். ஆயினும் போர் நடக்கும் எந்த நாட்டிலும் துப்பாக்கி ஏந்தாதவர்களே மிகுதி. அடுப்பு மூட்டுகிறவளுக்கும், அரிசி வாங்க வரிசையில் நிற்கிறவருக்கும் போர் எவ்வாறு வந்து சேர்கிறது? இதைக் காட்டும் படங்கள் பல நாடுகளில் எடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் நான் பார்த்த சிலவற்றைப் பற்றி எழுத விழைகிறேன்.

அயல்நாட்டுக்குப் போகுமுன் நம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். 1952ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த ‘பராசக்தி’ ஒரு போர்ப்படம் என்று நான் கூறினால் நண்பர்கள் சிரிக்கக்கூடும். கலைஞர் மு. கருணாநிதியின் வசனமும், சிவாஜி கணேசனின் நீதிமன்றக் காட்சியும்தான் நமக்கு அந்தப் படம். ஆனால் கதையின் வேர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மூன்று அண்ணன்மார் ரங்கூனில் பிழைக்கிறார்கள். தங்கை கல்யாணி மதுரையில் இருக்கிறாள். அவள் திருமணத்துக்குப் புறப்படுகையில் உலகப்போர் குறுக்கே வருகிறது. கப்பலில் ஒருவருக்கே இடம் கிடைக்கிறது. இளையவன் குணசேகரன் கரை சேருமுன் தங்கையின் கணவனும் தந்தையும் இறந்துவிடுகிறார்கள். மற்ற அண்ணன்மார் நடந்தே வருகிறார்கள். வழியில் குண்டுவீச்சில் பிரிந்துபோன ஞானசேகரன் ஒரு காலை இழந்து பிச்சைக்காரர்களோடு சேர்கிறான்.

இது வெறும் கற்பனை அன்று. 1941 டிசம்பர் 23ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. இலட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து தாயகம் திரும்பினர்; பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். அவர்களில் தமிழர் ஏராளம். கல்யாணியின் இட்லிக் கடையும் குணசேகரனின் பைத்திய வேடமும் அந்தப் போரின் தொடர்ச்சியே. நாம் வசனத்தை மனப்பாடம் செய்தோம்; ரங்கூனை மறந்துவிட்டோம்.

அதே ரங்கூனின் வீழ்ச்சி வங்காளத்தில் வேறு உருவம் கொண்டது. பர்மா அரிசி வருவது நின்றது. எதிரி கைக்குப் போய்விடுமென்று அரசாங்கமே கரையோர மாவட்டங்களில் படகுகளைக் கைப்பற்றியது. இராணுவத் தேவையும் பதுக்கலும் சேர்ந்து விலையை ஏற்றின. 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் இருபது முதல் முப்பது இலட்சம் மக்கள் மடிந்தனர் என்பது ஆய்வாளர் பலரின் கணக்கு. சத்யஜித் ராயின் ‘அசனி சங்கேத்’ (1973) இதைப் பற்றியது; பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது பெற்றது. படத்தில் போர் என்பது வானத்தில் பறந்து போகும் விமானங்கள் மட்டுமே. கிராமத்துப் பெண்கள் அண்ணாந்து பார்த்து வியக்கிறார்கள். அவ்வளவுதான். பிறகு அரிசி விலை ஏறுகிறது. அரிசிக்காக ஒரு பெண் தன்னையே விற்கிறாள். இறுதியில், தீண்டத்தகாதவள் என ஒதுக்கப்பட்ட ஒருத்தி பட்டினியால் இறந்து கிடக்கிறாள். அந்தணரான கங்காசரண் அவளுக்கு ஈமக்கடன் செய்ய முன்வருகிறார். பஞ்சத்தை இத்தனை பசுமையான வண்ணத்தில் எடுக்கலாமா என்று விமர்சகர்கள் கேட்டதுண்டு. எனக்கோ அந்தப் பசுமைதான் அச்சமூட்டியது. மழை பொய்க்கவில்லை, வயல் காயவில்லை. ஆனாலும் சோறு இல்லை!

சோவியத் படமான ‘ஒரு படைவீரனின் காதை’ (1959) பற்றி ஒரு சொல். பத்தொன்பது வயது அல்யோஷா இரண்டு டாங்கிகளை வீழ்த்துகிறான். பதக்கம் வேண்டாம், அம்மா வீட்டுக் கூரையைச் செப்பனிட விடுப்பு வேண்டும் என்கிறான். வழியில் பிறர்க்கு உதவியே விடுப்பு கரைந்துபோகிறது. முன்பின் அறியாத வீரன் ஒருவன் தன் மனைவிக்குக் கொடுத்தனுப்பும் பரிசு என்ன தெரியுமா? சோப்பு.

நம் ஊருக்கும் இந்தப் பொருளுக்கும் தொடர்பில்லை என்று எண்ணவேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் என்றால் இன்று கார்த் தொழிற்சாலைகளும் ஒரகடம் சாலையின் கன்டெய்னர் லாரிகளும் நினைவுக்கு வரும். ஆனால் 1991 மே 21ஆம் நாள் இரவு, கடலுக்கு அப்பால் நடந்த போர் இங்கே வந்து இறங்கியது. ராஜீவ் காந்தியுடன் காவலர்களும் கூட்டத்துக்கு வந்த எளிய மக்களும் உயிரிழந்தனர். தலைவருக்கு நினைவிடம் இருக்கிறது. கூட்டம் பார்க்க வந்து இறந்தவர்களின் வீடுகளைப் பற்றி நானறிந்தவரை எவரும் படம் எடுக்கவில்லை.

இலங்கைப் போரைப் பற்றிய படங்கள் உண்டு. மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) நாம் அறிந்ததே. 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருது பெற்ற ‘தீபன்’ என்ற பிரெஞ்சுப் படத்தில், முன்பின் அறியாத மூவர் இறந்தவர்களின் கடவுச்சீட்டில் ஒரு குடும்பமாக நடித்துத் தப்புகிறார்கள். எழுத்தாளர் ஷோபாசக்தி தலைமை வேடம் ஏற்றுள்ளார். முற்பகுதி அருமை. முடிவில் துப்பாக்கிச் சண்டை வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை.

என் மனத்தை விட்டு அகலாத படம், பிரசன்ன விதானகே இயக்கிய ‘புரஹந்த களுவர’ (1997). சிங்களப் படம். பார்வையற்ற கிழவர் வன்னிஹாமியின் மகன் வறுமையால் பட்டாளத்தில் சேர்ந்தவன். அவன் உடல் என்று முத்திரையிட்ட பெட்டி ஒன்று வருகிறது, திறக்கக் கூடாதென்கிறார்கள். கிழவர் மட்டும் மகன் இறந்ததை நம்ப மறுக்கிறார். இழப்பீட்டுப் பணத்துக்கு அவர் கையெழுத்து வேண்டும். வீடோ பாதிக் கட்டடமாக நிற்கிறது, கடன்காரர் காத்திருக்கிறார், மகள்களும் கிராம அதிகாரியும் கெஞ்சுகிறார்கள். அவர் கையெழுத்திடுவதில்லை. வடக்கே எங்கோ போர் நடக்கிறது. இங்கே அது ஒரு விண்ணப்பத் தாளாக வந்து கிடக்கிறது.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நான்தான் முதல். என் தந்தையார் ஒப்பந்தத் தொழிலாளி. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவர், என் கைப்பேசியில் இந்தப் படத்தைப் பாதியிலிருந்து பார்த்தார். மொழி தெரியாது, ஆங்கில எழுத்துகளை நான் படித்துச் சொன்னேன். எனக்குக் கிழவரின் பிடிவாதம் மகன்மீது கொண்ட பாசமாக மட்டுமே தோன்றியது. அவர் வேறு சொன்னார்: “கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் யாரையும் கேள்வி கேக்க முடியாதுடா, அதான் போடமாட்டேங்கிறாரு.” எங்கள் பக்கத்திலும் வேலைக்குப் போனவர் திரும்பாமல், காகிதத்தில் கைநாட்டு வைத்த வீடுகள் உண்டு. அவர் அதை நினைத்திருக்கலாம், நான் கேட்கவில்லை.

இறுதியில் கிழவர் தாமே மண்ணைத் தோண்டிப் பெட்டியைத் திறக்கிறார். உள்ளே இருப்பவை வாழைத்தண்டும் கற்களும். 2000ஆம் ஆண்டு இலங்கை அரசு இப்படத்துக்குத் தடை விதித்தது. இயக்குநர் உச்சநீதிமன்றம் சென்று வென்றார். மறு ஆண்டு, போர் நடந்துகொண்டிருக்கும்போதே, படையினரின் ஊர்களில் படம் திரையிடப்பட்டது.