உதரவிதானமும் வீட்டுச் சுவாசப் பயிற்சியும்

காஜாங்கிலும் செமினியிலும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் நம்மவர்க்கு, விபத்து என்றதும் கைகால் முறிவே நினைவுக்கு வருமேயன்றி, கழுத்தில் விழுந்த அடி ஒரு நரம்பைச் சேதப்படுத்தி, காயமெல்லாம் ஆறிய பிறகும் சுவாசத்தைக் குன்றச் செய்யக்கூடும் என்பது தோன்றுவதில்லை. இருதய அறுவை, கழுத்து அறுவை, அக்கி, நரம்பு அழற்சி முதலியவற்றாலும் இதே துன்பம் நேர்வதுண்டு.

மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் கவிந்திருக்கும் உதரவிதானமே அமைதியான சுவாசத்தில் பெரும்பங்கு வேலையைச் செய்கிறது. அதன் இருபாதிகளுக்கும் தனித்தனியே ஆணை கொண்டுசெல்லும் பிரெனிக் நரம்புகள், கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் வேர்களில் உற்பத்தியாகி, இருதயத்தின் இருமருங்கும் இறங்கி வருகின்றன. ஒருபக்கம் மட்டும் தளர்ந்தால் பெரும்பாலும் மாடியேறும்போதோ குனியும்போதோதான் மூச்சு வாங்கும். இருபக்கமும் தளர்ந்தாலோ, மல்லாந்து படுத்த மாத்திரத்தில் திணறலும், கெட்ட உறக்கமும், காலைத் தலைவலியும் உண்டாகும். உட்கார்ந்து ஊதிய மூச்சின் அளவு, படுத்து ஊதும்போது 30 விழுக்காடோ அதற்கு மேலோ குறையுமாயின், இருபக்கத் தளர்ச்சி என்று வைத்தியர் சந்தேகிப்பர். தசையின் அசைவை அல்ட்ராசவுண்டில் நேரே காணலாம்.

சேதமுற்ற நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதமே வளர்வதால், கழுத்திலிருந்து உதரவிதானம் வரையுள்ள நெடுவழியைக் கடக்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்; சிலருக்கு முழுதும் மீளாமலும் போகலாம். அக்காலத்தை நோயாளி கழிப்பது வீட்டில்தான். வீட்டில் செய்யும் அப்பியாசம் நரம்பை வளர்த்துவிடாது. எஞ்சிய தசையிழைகளுக்கும் விலா, கழுத்துத் தசைகளுக்கும் வலுவூட்டி, அன்றாடச் சிரமத்தைக் குறைப்பதே அதன் பிரயோஜனம்.

தலையணைகளில் சாய்ந்தமர்ந்து, வயிற்றின்மேல் கைவைத்து, மூக்கால் மெல்ல இழுத்து, குவித்த உதடுகளால் நிதானமாக வெளிவிடுவது முதற்பாடம். அடுத்தது, சிறு கைக்கருவியின் தடையை எதிர்த்து மூச்சிழுக்கும் பயிற்சி. நோயாளியின் உச்ச இழுவிசையில் சுமார் 30 விழுக்காட்டில் தொடங்கி, இருவேளையும் இடையிடையே ஓய்வுடன் செய்து, அளந்து பார்த்துப் படிப்படியாகத் தடையை ஏற்றுவது வழக்கம். நிறைந்த வயிறு உதரவிதானத்தை அழுத்துமாதலால், சிற்றளவாகப் பலமுறை உண்பதும், உண்டவுடன் படுக்காதிருப்பதும், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவதும் இச்சிகிச்சையோடு சேர்ந்தவையே.

எச்சரிக்கையும் அவசியம். யோக வகுப்பில் கற்ற, மூச்சை அடக்கும் கும்பகத்தையும் வேகமாக மூச்சை இழுத்துவிடும் பஸ்திரிகையையும் வைத்தியர் அனுமதியின்றிச் செய்யலாகாது. நாளுக்கு நாள் முற்றும் நரம்பு வியாதிகளில் மிகைப்பயிற்சி, தளர்ந்த தசையை மேலும் களைப்படையச் செய்யும். இரவுச் சுவாசம் போதாதவர்க்கு முகமூடி வழிக் காற்றூட்டும் இயந்திரம் வேண்டியிருக்கும். ஆக்சிஜனை மட்டும் தன்னிச்சையாக வைத்துக்கொள்வது, கரியமில வாயு தேங்குவதை மறைத்து அபாயத்தில் விடக்கூடும். உதடு நீலம் பாரித்தாலோ, பகலில் மயக்கமான தூக்கம் கவிந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குச் செல்க.

காஜாங் மருத்துவமனையும், அருகே செராசில் 2012 முதல் இயங்கிவரும் அரசாங்க மறுவாழ்வு மருத்துவமனையும் நம் எட்டுந்தூரத்தில்தான் உள்ளன. ஆயினும், அங்கே சில நிமிடங்களில் காட்டப்படும் பயிற்சியை மாதக்கணக்கில் நடத்தவேண்டியவர்கள் வீட்டாரே. ஆதலால், பிசியோதெரபி வேளையில் குடும்பத்தில் ஒருவர் உடனிருந்து கற்பதும், மலாயோ ஆங்கிலமோ விளங்காத முதியவர்க்கு ஒவ்வொரு படியும் தமிழில் எழுதித் தரப்படுவதும் சலுகைகள் அல்ல. அவையும் சிகிச்சையின் அங்கமே.