உங்களுக்குத் தெரியுமா? பெங்களூரின் இழுப்புக் கணக்கு

1979-இல் பெங்களூரில் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் 9 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா. 1999-இல் அது 29.5 சதவீதம்!

• கணக்கெடுத்தவர் குழந்தைகள் நுரையீரல் மருத்துவர் ஹெச். பரமேஷ். ஐந்தாண்டுக்கு ஒருமுறை, மொத்தம் 20,000 பிள்ளைகள். (மருத்துவமனைக் கணக்குதான், ஊர் முழுதும் அப்படி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

• அடுத்து பள்ளிக்கூடங்களுக்குப் போனார். 6 முதல் 15 வயது வரையிலான 6,550 மாணவர்கள். வண்டிப் போக்குவரத்து குறைந்த பகுதியில் 11.15 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா. நெரிசல் மிகுந்த சாலையோரப் பள்ளிகளில் 19.34. அதே நெரிசலோடு வறுமையும் சேர்ந்த இடத்தில் 31.14! 'பெங்களூர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை' என்பவர்கள் கவனிக்க: மூன்று இடத்திலும் குளிர் ஒன்றுதான்.

• மருந்துச் சீட்டோடு நிற்கவில்லை அவர். இந்திய அறிவியல் கழகத்தின் திவேச்சா பருவநிலை மாற்ற மையத்தில் வருகைப் பேராசிரியராகவும் இருந்தார். குழந்தை மருத்துவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால், மேலே உள்ள எண்கள்தான் பதில்.

• ஆய்வு முடிவுகள் வெளியான ஆண்டு 2002. சாலை நெரிசலைக் குறைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட மெட்ரோ ரயில் பெங்களூரில் ஓடத் தொடங்கியதோ 2011-இல்தான்.