மின்தடையில் இயங்காத ஸ்கிரிப்ட்: லினக்ஸ் பயனர்கள் அறியவேண்டியது

மும்பை: மும்பையில் 2020 அக்டோபர் 12-ஆம் தேதி மின்தொகுப்புக் கோளாறால் மின்விநியோகம் தடைபட்டு, புறநகர் ரயில்கள் நின்றன. இத்தகைய திடீர் மின்தடை கணினிகளின் வலையமைப்பு அமைவையும் பாதிக்கக்கூடியது.

டெபியன் வகை லினக்ஸின் ‘இஃப்அப்டவுன்’ முறையில், வலையமைப்பு இணைப்பு தொடங்கும் முன்னும் பின்னும், நிற்கும் முன்னும் பின்னும் தானாக இயங்கவேண்டிய ஷெல் ஸ்கிரிப்டுகளை அவற்றுக்குரிய 4 கோப்புறைகளில் வைக்கலாம். கோப்பின் பெயர் ‘.எஸ்எச்’ என முடிந்தால், பெயரிலுள்ள புள்ளி காரணமாக அது இயங்காது.

கணினியை முறைப்படி அணைக்கும்போது இயங்கும் நிறுத்த ஸ்கிரிப்டுகள், மின்சாரம் திடீரெனத் துண்டிக்கப்பட்டால் இயங்குவதில்லை. அவை நீக்கவேண்டிய தற்காலிகக் கோப்புகள் வட்டிலேயே எஞ்சி, அடுத்த இணைப்பைத் தடுக்கக்கூடும். எனவே, அவற்றை நீக்கும் கட்டளையைத் தொடக்கத்துக்கு முந்தைய ஸ்கிரிப்டிலும் சேர்ப்பதே பாதுகாப்பானது.